எண்ணெய்ப் பரீக்ஷை

மோட்டார் வண்டிக்கு எந்தக் கம்பெனியின் எண்ணெய் உத்தமம் என்று கேட்கும் நேயர்களுக்கு இதுவரை நாம் அளித்து வந்த பதில் ஒரு புன்னகைதான். காரணம் வேறொன்றுமில்லை, நமக்கே தெரியாது. காபிக் கொட்டை விஷயத்திலும் வெற்றிலை விஷயத்திலும் நமக்குத் தீர்மானமான அபிப்பிராயங்கள் உண்டு. எஞ்சின் எண்ணெயில் மட்டும் டிரைவர் வாங்கி வந்ததே வேதவாக்கு. இந்த அஞ்ஞானம் சமீபத்தில் பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஓரளவு நீங்கிற்று.

நாம் அங்கே சென்றது பூநாரைகளையும் டச்சுக்காரரின் பழைய கல்லறைகளையும் பார்ப்பதற்காக. பார்த்தது ஒரு சண்டையை. கரையில் இழுத்து நிறுத்திய ஃபைபர் படகின் அருகே மாமனாரும் மருமகனும் ஆளுக்கொரு எண்ணெய் டின்னைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மாமனார் கையில் இருந்தது உலகப் பிரசித்தி பெற்ற சீமைப் பெயர் கொண்ட டின். மருமகன் கையில் இருந்தது நமது தேசத்துச் சர்க்கார் கம்பெனியின் டின், விலையும் குறைவு.

"முப்பது வருஷமா இந்தப் பேரைத்தான் ஊத்தறேன். முகத்துவாரத்துல எஞ்சின் நின்னா உன் டின்னா வந்து இழுக்கும்?" என்றார் பெரியவர்.

"பேரு என்ன மாமா பேரு! உள்ளே என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்றான் மாப்பிள்ளை.

அவர் கேட்டது வெறும் பேச்சன்று. ஏரி கடலோடு கலக்கும் முகத்துவாரம் மணல் மேடிட்டு அடிக்கடி இடம் மாறுவது. அலை உடைகிற அந்த இடத்தில் எஞ்சின் நின்றால் படகு குறுக்கே திரும்பும். அப்புறம் வலையும் மீனும் போவது இருக்கட்டும், ஆளே தப்புவது அரிது. ஏரிக்குள்ளேயும் சும்மா இல்லை. இங்கே 'பாடு' என்றொரு பழைய ஏற்பாடு உண்டு. இன்ன இடத்தில் இன்ன நாள் இன்னார் வலையிடலாம் என்று முறை வைத்துப் பகிர்ந்துகொள்வது. முறை வந்த நாளில் எஞ்சின் மறுத்தால் அடுத்த முறைவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

கண்ணாடி போட்டிருந்த குற்றத்திற்காக நம்மை மத்தியஸ்தத்திற்கு அழைத்தார்கள். "ஐயா, இங்கிலீஷ் எழுத்தைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்று இரண்டு டின்களும் நம் கைக்கு வந்தன.

டின்னின்மேல் படமும் பட்டயமும் நிறைய இருந்தாலும், படிக்க வேண்டியவை இரண்டே. முதலாவது எஸ்.ஏ.இ. என்ற எண். 1905-இல் அமெரிக்காவில் தோன்றிய மோட்டார் இஞ்சினீயர்கள் சங்கம் எண்ணெயின் குழம்புத்தன்மைக்கு இட்ட அளவு இது. விளக்கெண்ணெய் கெட்டி, நல்லெண்ணெய் இளகல் என்பது நம் வீட்டுப் பெண்மணிகளுக்குத் தெரியும். எந்த எண்ணெயும் சட்டி காய்ந்தால் தண்ணீராய் ஓடும் என்பதும் தெரியும். '15 டபிள்யூ 40' என்றிருந்தால், முதல் எண் குளிரில் எஞ்சினைக் கிளப்பும்போது எண்ணெய் எப்படி ஓடும் என்பதைக் குறிக்கும். டபிள்யூ என்றால் குளிர்காலம். பின் எண் எஞ்சின் கொதிக்கும் சூட்டில் அது எவ்வளவு கனமாய் நிற்கும் என்பதைக் காட்டும். மார்கழியிலும் மேல்துண்டு போதுமான பழவேற்காட்டில் முதல் எண்ணைப் பற்றிக் கவலைப்படுவது வீண். பின் எண்தான் பிராணன்.

இரண்டாவது, ஏ.பி.ஐ. என்ற வட்ட முத்திரையில் வரும் எழுத்துக்கள். எஸ் என்று தொடங்கினால் பெட்ரோல் எஞ்சினுக்கு. ஸி என்று தொடங்கினால் டீஸலுக்கு. அடுத்த எழுத்து அகரவரிசையில் பின்னால் போகப் போகத் தரம் புதியது. டீஸல் எஞ்சினில் கரி அதிகம். அந்தக் கரியைக் கட்டி தட்டாமல் எண்ணெயிலேயே மிதக்க வைக்கும் சரக்கு அதற்கான எண்ணெயில் கூடுதலாகச் சேர்க்கப்படுகிறது. ஊற்றிய சில நாளில் எண்ணெய் கறுத்துவிட்டதே என்று கடைக்காரரை வைகிறவர்கள் உண்டு. எண்ணெய் தன் வேலையைச் செய்கிறது என்பதற்கு அடையாளம் அந்தக் கறுப்பு.

படித்தோம், திடுக்கிட்டோம். பெரியவரின் பிரசித்தி பெற்ற டின் '10 டபிள்யூ 30', எஸ் வகை. பெட்ரோல் காருக்கு உரியது! மருமகனுடையது '15 டபிள்யூ 40', ஸி வகை. படகின் எஞ்சினோ காற்றினால் குளிரும் ஒற்றை ஸிலிண்டர் டீஸல். நீண்ட வால்போல் தண்டு நீட்டிக்கொண்டிருப்பதால் 'லாங் டெயில்' என்று கடற்கரையில் வழங்குவது. பெண்ணை வீட்டுக்கு அனுப்பி, டிரங்குப் பெட்டியில் கல்யாணப் பத்திரிகைகளோடு பத்திரமாய் இருந்த எஞ்சின் புஸ்தகத்தை வரவழைத்தோம். அதில் கண்டதும் டீஸலுக்கான 40-ஆம் எண்ணே.

"அதே பேரு, அதே படம், அதே சிவப்பு" என்று பெரியவர் பரிதாபமாய்ச் சொன்னார். அங்கேதான் சூக்ஷுமம். ஒரே பெயரில் ஒரு கம்பெனி பத்து விதமான எண்ணெய் விற்கிறது. அந்தப் பத்துக்குள் இருக்கும் வித்தியாசம், ஒரே எண்ணும் ஒரே எழுத்தும் கொண்ட இரு கம்பெனிகளின் டின்களுக்கு நடுவே இருக்கும் வித்தியாசத்தைக் காட்டிலும் பெரிது. பெயரைக் கேட்டு வாங்கியவர் ஏமாந்தது கடைக்காரரால் அன்று, பெயரால்.

எண்ணும் எழுத்தும் ஒத்துவிட்டால் அப்புறம் ஸ்வதேசிப் பற்றுக்குத் தாராளமாக இடம் உண்டு என்பது நமது கட்சி. 1906-இல் வ.உ.சி. கப்பல் விட்டபோது, சீமைக் கப்பலுக்கு நம் கப்பல் இளைத்ததா என்று சிரித்தவர்கள் இருந்தார்கள். காஸ்ட்ரால் என்ற பெயரே 1909-இல் வேக்ஃபீல்டு கம்பெனியார் ஆமணக்கெண்ணெயைக் கலந்து விற்றதனால் வந்தது. நம் வண்டிக்காரர்கள் வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து அச்சுக்கு மை போட்ட சமாசாரத்தை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலும்! 1972-இல் இந்தியன் ஆயில் 'ஸர்வோ'வைக் கொண்டுவந்தது. 1974-இல் எஸ்ஸோவும் 1976-இல் பர்மா ஷெல்லும் நம் சர்க்கார் வசமாயின. அவற்றின் வாரிசுகளும் எண்ணெய் விற்கின்றன. மூல எண்ணெய் தயாரிக்கும் ஆலை இதோ தெற்கே மணலியில் இருக்கிறது. பூமியிலிருந்து எடுக்கும் கச்சா எண்ணெயில் பெரும்பகுதி கப்பலில் வருவதை மறைப்பதற்கில்லை. ஆனாலும் கூலியும் லாபமும் இங்கே தங்குவது அற்பமா?

போலி டின் ஒன்றே பயம். பழைய டின்னில் கழிவெண்ணெயை வடிகட்டி நிரப்பி விற்பவர்கள் உண்டு. மூடியின் முத்திரையைப் பாருங்கள். காலியான டின்னை ஆணியால் துளைத்தபின் எறியுங்கள்.

நாம் உபதேசம் செய்துகொண்டே போவதைப் பெரியவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு எஞ்சினிலிருந்து அளவுக் கம்பியை உருவி நம் மூக்கின் முன்னே நீட்டினார். "எழுத்தை நீங்க பாருங்க ஐயா. நான் இதைப் பார்க்கறேன். அலை அடிச்சு உப்புத் தண்ணி உள்ளே போச்சுன்னா எண்ணெய் பால் காபி மாதிரி ஆயிடும். அப்புறம் எந்தப் பேரு ஊத்தியிருந்தா என்ன? அன்னைக்கே வடிச்சுடணும்." இது எந்த டின்னிலும் அச்சிடப்படாத விஷயம்.

வடித்த எண்ணெயை என்ன செய்வீர்கள் என்று கேட்டோம். முன்பெல்லாம் ஏரியிலே ஊற்றுவதுதானாம். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதிக் கரையெல்லாம் எண்ணெய் படிந்ததையும், 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவிப் படகும் வலையும் கறுத்ததையும் கண்டபின் அவருக்கு மனம் வரவில்லை. "ஊர் கூடிக் கப்பல்காரனைத் திட்டிட்டு நானே ஊத்தலாமா?" இப்போது கேனில் சேர்த்து, மறுசுத்திக்கு எடுத்துப் போகிறவரிடம் கொடுக்கிறார். இறால் குஞ்சு வளரும் தண்ணீர் அல்லவா?

மருமகனுடைய எண்ணெய் எஞ்சினில் இறங்கிற்று. பெரியவர் தம் டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்க காருக்கு என்ன எண்ணெய் ஐயா?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

நாம் விழித்தோம். டிரைவர் வானத்தைப் பார்த்தார். வண்டியின் சிறு அறையிலிருந்து, வாங்கிய நாள் முதல் பிரிக்கப்படாத புஸ்தகத்தை எடுத்துப் புரட்டினால், நமது பழைய பெட்ரோல் வண்டிக்கு '10 டபிள்யூ 30', எஸ் வகை என்றிருந்தது. முத்திரை உடையாத டின். வாங்கிய விலைக்கே கொடுத்தார். பேரம் பேச நமக்கு வாய் எழவில்லை. மேலே இரண்டு மடவை மீனையும் வைத்தார். நாம் சைவம் என்று சொல்வதற்குள் டிரைவர் பையை விரித்துவிட்டார்.