தொடுமுன் ஒரு கணம்

மின்சாரம் தாக்கி ஒருவர் வீழ்ந்தால் பதறியோடிக் கரம் பற்றுவது மனித இயல்பு. அவ்வியல்பையே நாம் ஈண்டு மறுக்கின்றோம். காப்பாற்றச் சென்றவரும் உடன் மாண்ட செய்தியை நாளேடுகளில் எத்தனை முறை படித்துவிட்டோம்!

முதலில் மெயின் சுவிட்சை அணைத்தல் வேண்டும். வீட்டு மின்சாரமாயின், அணைக்க இயலாதபோது, ஈரமற்ற இடத்தில் நின்று உலர்ந்த மரக்கழியால் கம்பியை விலக்கலாம். தெருவில் அறுந்து கிடக்கும் கம்பிக்கு இது பொருந்தாது. தொலைவில் நின்று மின்வாரியத்தாரை அழைப்பதே முறை. மின்தொடர்பு நீங்கியபின், உணர்வும் மூச்சும் இல்லையெனில், 108-ஐ அழைக்கச் செய்து, நடுமார்பை நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்துதல் வேண்டும். தண்ணீர் புகட்டலாகாது.

நம் துறைக் கட்டடத்தின் மெயின் சுவிட்ச் எங்குள்ளதென நம்முள் எத்தனை பேர் அறிவோம்? அது பூட்டிய அறைக்குள் உள்ளது. திறவுகோலோ அலுவலகத்தில், அலுவலகம் மாலை ஐந்து மணிக்கு மூடப்படுகின்றது.