கொழுக்கி கழண்டால் ஆற்ற தலையில விழும்?

ஸ்போர்ட்ஸ் காருக்குப் பின்னால பெட்டி கொழுவி இழுக்கிறது விசர் வேலை இல்லை. அதை முதலே சொல்லிப்போட்டுத் தொடங்குறன். ஏனெண்டால் இந்தக் கதை வந்தால் சனம் உடனே ரெண்டு பக்கமாப் பிரிஞ்சிடும். ஒரு பக்கம் சிரிக்கும், மற்றப் பக்கம் கைதட்டும். என்ர சண்டை கைதட்டுற பக்கத்தோட.

மஸ்டா எம்எக்ஸ்-5 எண்ட காரை எடுங்கோ. 1989 இல் வந்தது. அமெரிக்காவில் மியாட்டா எண்டு சொல்லுவினம். இரண்டே இருக்கை, முதல் தலைமுறைக் காரின் நிறை ஒரு தொன்னுக்குக் கிட்ட. அங்கே வார இறுதிகளில் பெரிய வாகனத் தரிப்பிடங்களில் கூம்புகளை வைத்து நேரம் பார்த்து ஓடும் ஓட்டோகுரொஸ் போட்டிகளுக்கு இந்தக் காரைக் கொண்டு போகிறவர்கள் நிறையப் பேர். போட்டிக்கு வேற டயர் வேணும். நாலு டயரும் ஜாக்கியும் அந்தக் காருக்குள்ள அடங்காது. அப்ப ஒரு சின்ன ட்ரெயிலர் வேணும். ஆனால் மஸ்டா தன்ர கையேட்டிலேயே இந்தக் கார் இழுவைக்காகச் செய்யப்பட்டதில்லை எண்டு சொல்லிவிட்டது. உடனே கையில் வெல்டிங் மெசின் உள்ளவர் பின் பம்பரைக் கழட்டி, ஒரு பொக்ஸ் பாரை வெட்டி ஒட்டி, அதில ஒரு குண்டைப் பூட்டி, தானே ஒரு இழுவைக் கொழுக்கி செய்துவிடுகிறார்.

இதில் புத்தியும் இருக்கு, உழைப்பும் இருக்கு. நாலு டயருக்காக ஒரு பெரிய ட்ரக்கை வாங்கி எண்ணெய் எரிக்கிறதை விட இது எவ்வளவோ மேல். கம்பனி 'ஏலாது' எண்டால் அது வேதவாக்கும் இல்லை. ஒரே மொடல் காருக்கு ஐரோப்பாவில் ஒரு இழுவை அளவும், அமெரிக்காவில் அதை விடக் குறைஞ்ச அளவும் கொடுக்கிறது வழமை. இரும்பு ஒண்டுதான். சட்டமும், வேகமும், வழக்குப் பயமும் வேற. ஆகவே கம்பனியை மீறினதை நான் குற்றமாகச் சொல்லேல்லை.

குற்றம் அதுக்குப் பிறகு வருகிற வசனத்தில்தான் இருக்கு: "நான் மேல ஏறி நிண்டு குதிச்சுப் பாத்தன், அசையேல்லை."

ஒரு கம்பியை ஒருக்கா வளைச்சால் முறியாது. முன்னும் பின்னும் இருபது தரம் வளைச்சால் முறியும். இது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். கொழுக்கியைக் கொல்லுறதும் அதே விசயம்தான். 300 கிலோ ட்ரெயிலரின் பாரத்தில் பத்தில் ஒரு பங்கு குண்டில் இருக்கவேணும் எண்டால் 30 கிலோதான். ஒரு சின்னப் பெடியனின்ர நிறை. ஆனால் ஒவ்வொரு குழியிலும் அந்த 30 கிலோ பல மடங்காகிக் கீழே அடிக்கும், அடுத்த கணம் மேலே இழுக்கும். பிரேக் பிடிச்சால் முழுப் பெட்டியும் முன்னால வந்து தள்ளும். இப்படி ஆயிரக்கணக்கான தரம் நடக்கும்போது ஒட்டின இடத்துக்குப் பக்கத்தில், வெல்டிங் சூடு பட்ட இரும்பில், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு ஒண்டு தொடங்கும். குதிச்சுப் பாக்கிற சோதனை முதல் நாளைப் பற்றி மட்டும்தான் சொல்லும்.

சரி, ஒருநாள் முறிஞ்சுது எண்டு வையுங்கோ. மணிக்கு 80 கிலோமீற்றரில் போற பெட்டிக்கு இருக்கிற சக்தி, அதே பெட்டியை 25 மீற்றர் உயரத்தில இருந்து கீழே போட்ட மாதிரி. எட்டு மாடிக் கட்டடம். காரை ஓட்டினவருக்குப் பெரும்பாலும் ஒண்டும் நடக்காது, அவர் முன்னால போயிடுவார். பெட்டி போய்ச் சேருறது பின்னால வாற மோட்டார் சைக்கிள்காரனிட்ட, எதிர்த் திசையில வாற குடும்பத்திட்ட, ஓரத்தில நடக்கிற பிள்ளையிட்ட. அவையளிட்ட ஆரும் அனுமதி கேக்கேல்லை. கொழுக்கியை அவையள் கண்டதும் இல்லை.

இதாலதான் 'என்ர கார், என்ர விருப்பம்' எண்ட கதை இங்கே எடுபடாது. காருக்கு நிறம் அடிக்கிறது உன்ர விருப்பம். கொழுக்கி றோட்டில வாற எல்லாருக்கும் சொந்தமான விசயம். பிரித்தானியாவில் 1998 ஓகஸ்ட் 1 இற்குப் பிறகு பாவனைக்கு வந்த கார்களுக்கு அங்கீகரிக்கப்பட்ட கொழுக்கிதான் பூட்டவேணும் எண்டு சட்டம் இருக்கிறதும் இதுக்காகத்தான்.

இப்ப எங்கட பக்கம் வருவம். இப்படியான வீடியோக்களைப் பார்க்கும்போது எங்கட ஆக்கள் சொல்லுற ஒரு பெருமைக் கதை இருக்கு: "நாங்கள் பொருளாதாரத் தடைக்குள்ள மண்ணெண்ணெயில கார் ஓட்டின சனம்." உண்மை. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாத நேரம், கொஞ்சப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் பழைய கார்களை ஓடவைத்தார்கள். நாங்கள் பிறக்க முதல் நடந்தது. ஆனால் அவையள் அதைக் கெட்டித்தனம் காட்டச் செய்யேல்லை. நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேற வழி இருக்கேல்லை. வேற வழி இருக்கிற ஒருவர் தன்ர கொழுக்கியை அந்த நினைவுக்குப் பக்கத்தில வைக்கிறது, அந்தச் சனத்துக்குச் செய்யிற மரியாதை இல்லை.

இன்னொரு உண்மையையும் சொல்லவேணும். வன்னியில இரவில லாண்ட்மாஸ்டர் பெட்டியள் பின் விளக்கு இல்லாமல் போறதைக் காணாத ஆள் எங்களில ஆர்? அதுவும் 'எப்பிடியோ சமாளிக்கிறம்' எண்ட அதே மனநிலைதான். 2020 இல் நிறுத்தின வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 இல்தான் திரும்பத் திறந்தது. புதுக் கார் எங்களில கனபேருக்கு இன்னும் கனவு. பழைய வாகனத்தில வெட்டி ஒட்டுற வேலை இங்கே குறையப்போறேல்லை. அப்ப எப்பிடி ஒட்டுறது எண்டதுதான் கேள்வி.

"நீ ஆர்ட்ஸ், உனக்கென்ன இரும்பு தெரியும்?" எண்டு கேக்கலாம். கேளுங்கோ. நல்ல ஒட்டு வேலைக்காரரிட்டப் போனால் அவர் முதல் கேக்கிறது "என்ன பாரம் ஏத்தப்போறாய்? எவ்வளவு தூரம்?" எண்டுதான். அந்தக் கேள்விக்கு பட்டம் தேவையில்லை. மற்றவனின்ர உயிரை நினைக்கிற மனம் போதும்.

அதுக்குப் பிறகு செய்யவேண்டியதும் பெரிய வேலை இல்லை. தலையில 8.8 எண்டு குறியிட்ட போல்ட்டைப் பூட்டு, பெயரில்லாததைப் பூட்டாதை. குண்டின்ர அளவும் பெட்டியின்ர வாயின்ர அளவும் ஒண்டா எண்டு பார். ஐரோப்பியக் குண்டு 50 மில்லிமீற்றர், அமெரிக்காவில் ரெண்டு அங்குலமும் இருக்கு, அதைவிடச் சின்னனும் இருக்கு. சின்னக் குண்டில பெரிய வாய் ஒரு குழியில் துள்ளிக் கழரும். கொழுக்கி முறிஞ்சாலும் பெட்டி நிலத்தில குத்தாமல் தாங்க, ரெண்டு சங்கிலியைக் கீழால குறுக்காகப் போடு. பின் விளக்கைக் கொழுவு. சாமானைச் சில்லுக்குப் பின்னால குவிக்காதை, பெட்டி பாம்பு மாதிரி ஆடும். ஒவ்வொரு பயணத்துக்கு முதலும் ஒட்டின இடத்தைத் துடைச்சு, வெடிப்பு இருக்கா எண்டு பார்.

கடைசியா, பெட்டியில எவ்வளவு கிலோ ஏத்தலாம் எண்டதைப் பெயின்ற்றால எழுதிவிடு. அந்த இலக்கத்தை எழுத உன்ர கை தயங்கினால், உன்ர கொழுக்கியை நீயே நம்பேல்லை எண்டு அர்த்தம். அப்ப பின்னால வாறவன் ஏன் நம்பவேணும்?