கன்று நடுமுன் லெவல் பாருங்கள்!

பிச்சாவரம் என்றால் நமக்குப் படகும் சினிமாப் பாட்டும்தான், இல்லையா நண்பர்களே? கால்வாய் ஓரத்தில் சுரபுன்னை. உள்ளே பெரும்பாலும் உப்பை அதிகம் தாங்கும் வெண்கண்டல். சிதம்பரத்துக்குப் பழம்பெயர் தந்த தில்லை மரமும் இந்தக் காட்டு இனம்தான்.

வெள்ளைக்காரன் காலத்திலிருந்து மொத்தமாக வெட்டியதில் தரை காய்ந்து தாழ்ந்தது. பள்ளத்தில் ஏறிய கடல்நீர் இறங்க வழியில்லாமல் வற்றி, உப்பு மிஞ்சி, புதுக்கன்று பிழைக்கவில்லை. 1990களில் மீன்முள் மாதிரி வாய்க்கால் வெட்டி, ஓதநீர் வந்துபோக வழி செய்த பிறகே பச்சை திரும்பியது. நம்ம சர்வே வகுப்பு லெவலிங்தான் சார் அது!

2004 சுனாமிக்குப் பின் கன்று நட்டுப் போட்டோ எடுப்பது ஃபேஷனாகிவிட்டது. தண்ணீர் ஓடாத இடத்தில் நட்டால் எது பிழைக்கும்? அடுத்த என்.எஸ்.எஸ். கேம்ப்புக்குக் கன்றோடு டம்பி லெவலும் வரட்டும்.