எழுத்து என்ன செய்யும்?

ஜேர்மனியில் கட்டணம் செலுத்தினால் விரும்பிய எழுத்துக்களை வாகன இலக்கத்தகட்டில் பெறலாம். ஆனால் எஸ்.எஸ்., கே.இசட். கிடையா. முன்னது ஹிட்லரின் கொலைப்படை. பின்னது வதைமுகாமின் சுருக்கம். "இரண்டு எழுத்துக்கு இவ்வளவு கெடுபிடியா?" என்று அங்கு வாழும் நண்பரொருவர் என்னிடம் நகைத்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் அவர்! 1957ஐ மறந்துவிட்டார் போலும். அவ்வாண்டுதான் இலங்கை அரசு வாகனத் தகடுகளில் சிங்களச் 'சிறீ'யைப் புகுத்தியது. 1958இல் வடக்கில் அந்த எழுத்தின்மீது தார் பூசினர். தெற்கில் தமிழ் எழுத்துக்கள்மீது பூசினர். மே மாதத்தில் இனக்கலவரம் மூண்டது. புண்படுத்தும் எழுத்தைக் குடிமகன் காசு கொடுத்துக் கேட்டாலும் அங்கே அரசு மறுக்கிறது. இங்கே கேளாதவன் வாகனத்தில் அரசே பொறித்தது. நண்பரே, எதைக் கண்டு நகைக்கிறீர்? பழைய வாகனங்களில் அந்தச் 'சிறீ' இன்றும் ஓடுகிறது.