புள்ளியும் சுருதியும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

வாங்கிய பொருளில் குறை இருந்தால் திருப்பிக் கொடு என்பது சந்தைக்குப் போகும் எவருக்கும் தெரிந்த நியாயம். கத்தரிக்காயைப் புரட்டிப் பார்த்துத்தான் கூடையில் போடுகிறோம். சட்டைத் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகே கிழிக்கச் சொல்கிறோம். ஆனால் குறை என்பது யாது, அது எந்தப் பொருளுக்குக் குறை என்ற கேள்வியை நாம் அவ்வளவாகக் கேட்பதில்லை. நமது கல்லூரி மெல்லிசைக் குழுவினர் இவ்வாண்டு வாங்கிய மின்கிதாரை முன்னிட்டு விடுதியிலும் வகுப்பறையிலும் ஒரு மாத காலம் நடந்த சர்ச்சையைக் கேட்டவன் என்ற முறையில், என் கருத்தை இங்கே வைக்க விழைகிறேன்.

ஆறு மாணவர்கள் ஆளுக்கு 3,000 ரூபாய் போட்டு, இந்தோனேசியாவில் செய்யப்பட்ட 18,000 ரூபாய்க் கிதார் ஒன்றை வரவழைத்தனர். அந்த மூவாயிரம் எப்படி வந்தது என்பது அவரவருக்குத் தெரியும். கல்யாண வீடுகளில் பந்தி பரிமாறிச் சேர்த்தவர் இருவர். பெட்டியைப் பிரித்தபோது, உடலின் கீழ்விளிம்பில் கடுகளவு வண்ணத் திட்டு ஒன்று புடைத்திருந்தது. கழுத்து உடலோடு சேரும் இடத்தில் பூச்சில் மயிரிழை போன்ற ஒரு கோடு. விரல் ஓடும் பலகை ஓரிடத்தில் கறுப்பாகவும் மற்றோரிடத்தில் வெளுப்பாகவும் இருந்தது. (முன்பக்கத்து வெள்ளைத் தகட்டில் பெரிய கீறல் என்று ஒருவர் கலங்கிப் போனார். அது பாதுகாப்புக்காக ஒட்டியிருந்த மெல்லிய தாளின் மேலிருந்த கீறல், உரித்ததும் போய்விட்டது.) கடைக்காரரைக் கேட்டதற்கு, “இந்த விலைக்கு இப்படித்தான் தம்பி இருக்கும்” என்று பதில் வந்தது. திருப்பி அனுப்ப வேண்டும் என்று மூவர், வைத்துக்கொள்ளலாம் என்று மூவர்.

முதலில் அந்தக் கடுகளவுத் திட்டை எடுத்துக்கொள்வோம். மின்கிதாரின் ஓசை பிறக்கும் இடம் அதன் பூச்சு அன்று. எஃகுக் கம்பிக்கு அடியில் ஒரு காந்தம். அதைச் சுற்றி மயிரினும் மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள். கம்பி அதிரும்போது சுருளின் ஊடே செல்லும் காந்தப் பாயம் மாறுகிறது. மாறும்போதெல்லாம் சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. 1831-ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்து, நாம் முதலாண்டில் மனப்பாடம் செய்தோமே, அதே விதிதான். மிகச் சிறிதான அந்த மின்னழுத்தத்தை ஒலிபெருக்கி பெரிதாக்குகிறது. இந்தப் பாதையில் எங்கும் வண்ணத் திட்டு குறுக்கிடவில்லை.

மெட்டுகளின் கதை வேறு. வீணையில் மெழுகின்மேல் பதிப்பதைப் போலன்றி, கிதாரில் உலோக மெட்டுகளைப் பலகையில் அறுத்த பள்ளத்தில் அடித்து இறுக்குகிறார்கள். பரவலாக வழங்கும் ஓர் அளவில் கம்பியின் நீளம் 648 மில்லிமீட்டர். பன்னிரண்டாம் மெட்டு சரிபாதியில், அதாவது 324 மில்லிமீட்டரில் நிற்க வேண்டும். அது ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் அங்கே எழும் சுரம், அரைச்சுரத்தில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு விலகிவிடும். பழகிய செவி அதைப் பிடித்துவிடும். ஐந்து மில்லிமீட்டர் திட்டு குறையன்று, ஒரு மில்லிமீட்டர் மெட்டுப் பிழை குறை. நமது நண்பர்கள் டார்ச் விளக்கு அடித்துப் பூச்சை ஆராய்ந்தார்களே தவிர, ஒருவரும் அடிக்கோல் எடுத்து மெட்டை அளக்கவில்லை. நான் அளந்தேன், சரியாகவே இருந்தது.

அது சரியாக இருப்பதில் வியப்பும் இல்லை. பள்ளம் அறுப்பதையும் உடல் செதுக்குவதையும் இன்று கணினி இயக்கும் எந்திரங்கள் செய்கின்றன; விலை உயர்ந்த கிதாருக்கும் மலிவான கிதாருக்கும் அதில் பெரிய வேற்றுமை இல்லை. கையால் தேய்ப்பது, பூச்சு அடிப்பது, மெருகிடுவது, மெட்டின் முனைகளை அரத்தால் மழுக்குவது, இறுதியாகப் பார்வையிடுவது ஆகியவற்றில்தான் மனித நேரம் செலவாகிறது. விலையைக் குறைக்க வேண்டுமானால் அந்த நேரத்தைத்தான் குறைக்க வேண்டும். உலகின் பெயர்பெற்ற கிதார் நிறுவனங்கள் பலவற்றுக்குச் செய்துகொடுக்கும் கோர்ட் என்னும் கொரிய நிறுவனம் தென்கொரியாவில் இருந்த தன் ஆலைகளை 2007-இல் மூடத் தொடங்கியது. உற்பத்தி இந்தோனேசியாவிலும் சீனாவிலும் நடந்தது. வேலையிழந்த கொரியத் தொழிலாளர்கள் நடத்திய போராட்டம் 2019-இல்தான் ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. நமக்கு 18,000 ரூபாய்க்குக் கிதார் கிடைப்பதன் பின்னால் இப்படியும் ஒரு கணக்கு உண்டு. கடுகளவுத் திட்டைக் காணும்போது, அடுத்த கிதார் வந்து நிற்க, இதைக் கைவிட்டு அதை எடுத்த ஒருவரை நான் நினைத்துக்கொள்கிறேன்.

வெளுத்த பலகையைப் பற்றியும் ஒரு சொல். ஈட்டி மரம் கறுத்துப் பளபளக்கும். ஆகவே கறுப்பாக இல்லாத பலகை போலி என்று ஒரு நண்பர் அடித்துச் சொன்னார். 2017-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஈட்டி இனம் முழுவதும் பன்னாட்டு வாணிகக் கட்டுப்பாட்டின்கீழ் வந்தது. அதன்பின் பல நிறுவனங்கள் வேறு மரங்களைத் தேடின. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-இல் விலக்குக் கிடைத்தபோதும், மலிவான கிதார்களில் மாற்று மரங்கள் நிலைத்துவிட்டன. ‘இந்தியன் லாரல்’ என்று நம் கிதாரின் பட்டியலில் அச்சிட்டிருக்கிறதே, அது நமது மலைக்காடுகளில் நிற்கும் கருமருதுதான்! அதன் ரேகை ஓரிடத்தில் கருத்தும் ஓரிடத்தில் வெளுத்தும் ஓடுவது இயற்கை. அதைக் குறையென்று திருப்பி அனுப்பினால் அடுத்து வருவதும் கருமருதே.

குழுவினர் ஒருவரின் தாயார் கேட்ட கேள்விதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. “ஏம்ப்பா, பட்டுச்சேலையிலே கறை இருந்தா வாங்குவியா? காசு என்ன கறையாவா குடுத்தீங்க?” இதற்கு என் இயற்பியலில் விடையில்லை. சேலை பார்ப்பதற்கு, கிதார் கேட்பதற்கு என்று சொல்லிப் பார்த்தேன். “மேடையிலே வச்சுத்தானே வாசிப்பீங்க?” என்றார் அம்மா. கறையுள்ள பொருளுக்குக் கறையில்லாத விலை கொடுப்பது ஏமாற்றம் என்பது அவர் வாதம். அது நேர்மையான வாதம். வாசிப்புக்குக் கேடில்லாத புள்ளிக்காகக் கருவியைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்பேனே ஒழிய, அந்தப் புள்ளிக்கு விலைக்குறைப்புக் கேட்பது தவறு என்று ஒருக்காலும் சொல்லமாட்டேன். வெளிநாடுகளில் இத்தகைய கருவிகளைத் தனியே பிரித்து ‘பி-ஸ்டாக்’ என்ற பெயரில் விலை குறைத்து விற்கும் வழக்கம் உண்டு.

இங்கே ஒரு வேடிக்கையையும் காண்க. அயர்லாந்தின் ரோரி காலஹர் 1963-இல் 100 பவுண்டுக்கு வாங்கிய கிதாரின் பூச்சு பெரும்பகுதி உதிர்ந்து மரமே வெளியில் தெரிந்தது. 2024 அக்டோபரில் இலண்டனில் அது 8 இலட்சத்து 80 ஆயிரம் பவுண்டுக்கும் மேல் ஏலம் போனது. அவர் உழைத்துத் தேய்த்த கிதார், போகட்டும். ஆனால் 1995 முதல் ஃபெண்டர் நிறுவனம் புத்தம் புதிய கிதாரை வேண்டுமென்றே சுரண்டி, கீறி, துருவேற்றி, ‘ரெலிக்’ என்று பெயரிட்டு, சாதாரணக் கிதாரைவிடப் பன்மடங்கு விலைக்கு விற்று வருகிறது. பணக்காரன் கிதாரில் கீறல் அழகு, நம் கிதாரில் கீறல் அவமானம்! பிரையன் மே தம் தந்தையுடன் சேர்ந்து 1963-இல் செய்யத் தொடங்கிய கிதாரின் கழுத்து, பழைய கணப்படுப்பின் மரச்சட்டம். அதிலிருந்த புழு ஓட்டைகளைத் தீக்குச்சிகளால் அடைத்தார். அவரும் இயற்பியல் மாணவர் என்பதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

ஆகவே புள்ளி எனக்குப் பொருட்டன்று. “இந்த விலைக்கு இப்படித்தான்” என்ற அந்தச் சொல்தான் பொறுக்கவில்லை. அரசுப் பேருந்தில், இலவச மருத்துவமனையில், ஏன், நம்மைப் போன்றோர் படிக்கும் கல்லூரிகளைப் பற்றியும் இதே சொல்லை நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். இந்தச் சொல்லின் மறைவில் புள்ளியோடு உண்மையான குறையும் நுழைந்துவிடுகிறது. நமது கிதாரிலும் நுழைந்திருந்தது. ஈரமான நாட்டில் செய்த மரம் நமது கோடையில் உலர்ந்து சுருங்க, சுருங்காத உலோக மெட்டுகளின் முனைகள் மூன்று இடங்களில் ஓரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. வாசிப்பவர் இடக்கையில் இரண்டு கீறல். பூச்சைப் பற்றி ஒரு மாதம் வாதிட்டவர்கள் இதை, “கை பழகினால் சரியாகிவிடும்” என்று தாங்களே சமாதானம் செய்துகொண்டார்கள்.

என் யோசனையின்படி, கிதாரைத் திருப்பாமல், மெட்டு முனைகளை மழுக்கும் கூலியை மட்டும் கேட்டுக் கடைக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். பதினொரு நாளாகிறது, பதில் இல்லை. கல்லூரி நாள் விழாவோ நெருங்குகிறது. அதற்குள் பதில் வராவிட்டால், ஆய்வகத்தில் உள்ள நுண்ணிய அரத்தை ஒரு மாலை நேரம் மட்டும் இரவல் தந்துதவுமாறு எங்கள் துறைத்தலைவர் அவர்களை இம்மலர் வாயிலாகவே பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.