அப்பிளும் கறுவாவும் நல்லதுதான், குளிசையை நிறுத்தாதீங்க



பொரளை, தெமட்டகொடை, மருதானைப் பக்கத்துச் சொந்தங்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். நீளமான பதிவுதான். டீச்சர்மார் எழுதினால் நீளும் என்று எங்கள் வகுப்புப் பிள்ளைகளே சொல்வார்கள்.

போன நோன்பில் எங்கள் வீட்டிலிருந்து ஒரு செய்முறை வட்ஸ்அப்பில் போனது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அப்பிளை வெட்டி, கறுவாத்தூள் பிரட்டி, எயார் பிரையரில் போட்டுச் சூடாக எடுத்து இஃப்தாருக்கு வைப்பது. படத்தோடு அனுப்பினோம். மூன்று நாளில் அது எங்களுக்கே வேறு இரண்டு குழுமங்கள் வழியாகத் திரும்பி வந்தது. சந்தோசப்பட்டோம், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. அந்த மெசேஜின் கடைசியில் ஒரு வரி இருந்தது: "சீனி வருத்தக்காரருக்கு மிகவும் நல்லது, கறுவா சீனியை இறக்கும்." அதைச் சேர்த்தது நாங்கள்தான். யாரோ அனுப்பிய வொய்ஸ் நோட்டில் கேட்டதை யோசிக்காமல் ஒட்டிவிட்டோம்.

அந்த ஒரு வரியைத் திரும்ப எடுக்கத்தான் இந்தப் பதிவு. செய்முறை அப்படியே இருக்கட்டும், அதில் பிழை இல்லை.

எங்கள் ஒழுங்கையில் ஒரு மாமி இருக்கிறார். பெயர் வேண்டாம், அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறோம். பத்து வருசத்துக்கு மேலாகச் சீனி வருத்தம். மெட்ஃபோர்மின் குளிசை வயிற்றைக் கலக்குகிறது என்று முதலிலிருந்தே அவருக்கு ஒரு குறை இருந்தது. எங்கள் மெசேஜ் கிடைத்ததும் ஸஹருக்குக் கறுவா அவித்த தண்ணீர், இஃப்தாருக்குக் கறுவா அப்பிள் என்று ஒழுங்காகத் தொடங்கியிருக்கிறார். குளிசையை நிறுத்திவிட்டார். பெருநாளுக்குப் பிறகு காலில் ஒரு சின்னக் காயம், செருப்பு வெட்டியது. அது ஆறவில்லை. வார்டில் சேர்த்துக் கடைசியில் ஒரு விரலை எடுக்க வேண்டி வந்தது.

பார்க்கப் போனபோது எங்களை அவர் ஏசவில்லை. "நீங்க நல்லதுக்குத்தானே அனுப்பின" என்றார். ஏசியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. படிப்பிக்கிறவர்கள் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பியிருக்கிறார். விரல் போனதற்கு அந்த ஒரு வரிதான் காரணம் என்று எந்த டொக்டரும் சொல்லவில்லை. ஆனால் குளிசை நின்றதற்குக் காரணம் அதுதான், அதை அவரே சொன்னார்.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து தேடி வாசித்தோம். முதலே செய்திருக்க வேண்டிய வேலை.

கறுவா சீனியை இறக்கும் என்ற கதைக்கு ஒரு மூலம் உண்டு. 2003இல் பாகிஸ்தானில் 60 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. கறுவாப் பொடி கொடுத்தவர்களுக்கு இரத்தச் சீனி குறைந்ததாக அதில் வந்தது. அந்தச் செய்திதான் இருபது வருசமாக ஊர் சுற்றுகிறது. அதன் பின்னால் வந்தவற்றை யாரும் போர்வர்ட் செய்வதில்லை. 2012இல் கொக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு, 577 பேர் பங்குபற்றிய 10 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, சீனி வருத்தத்துக்குக் கறுவாவை மருந்தாகச் சிபாரிசு செய்யப் போதிய ஆதாரம் இல்லை என்றது. இன்னொன்றும் கவனியுங்கள். அந்த 2003 ஆய்வில் கொடுத்தது நம்முடைய கறுவா இல்லை, கஸியா.

இந்தக் கஸியா விசயத்தை, வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிறவர்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது. அமெரிக்கா, கனடாப் பக்கம் சூப்பர் மார்க்கட்டில் 'சினமன்' என்று போத்தலில் விற்பது பெரும்பாலும் கஸியாதான். அதில் கூமரின் என்ற பொருள் அதிகம். சிலருக்கு அது ஈரலைப் பாதிக்கும். ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது ஐரோப்பாவில் வைத்திருக்கும் அளவு. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளுக்கு 2 கிராம் கஸியாத்தூள் போனாலே அந்த எல்லை வந்துவிடும் என்று ஜெர்மனியின் உணவுப் பாதுகாப்பு நிறுவனம் கணக்குச் சொல்கிறது. 2 கிராம் என்பது ஒரு தேக்கரண்டி கூட நிறையாது. மருந்து என்று நினைத்துத் தினமும் கரண்டி கரண்டியாகச் சாப்பிடுகிறவர்களின் நிலையை நீங்களே யோசியுங்கள்.

நம்முடைய இலங்கைக் கறுவாவில் கூமரின் மிக மிகக் குறைவு. ஆகவே அப்பிளில் தூவிச் சாப்பிடப் பயப்பட வேண்டாம். ஆனால் கெடுதி இல்லாத ஒன்று அதனாலேயே மருந்தாகிவிடாது. அந்த இடத்தில்தான் நாங்கள் சறுக்கினோம்.

ஏன் சறுக்கினோம் என்றும் யோசித்துப் பார்த்தோம். பாதிக் காரணம் பெருமை. கறுவா என்றால் நமக்கு வீட்டுச் சரக்கு. 1344இல் இப்னு பதூதா புத்தளத்தில் இறங்கியபோது, ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த கறுவா மரங்கள் கரையில் குவிந்து கிடந்ததை எழுதி வைத்திருக்கிறார். மலபார்க்காரரும் மஃபர்க்காரரும் அதற்கு விலை கொடுப்பதில்லை, ஆரியச் சக்கரவர்த்திக்குத் துணிமணி அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டு ஏற்றிப் போவார்கள் என்கிறார். பிறகு 1505இல் போர்த்துக்கேயர் வந்தார்கள், முஸ்லிம் வியாபாரிகளின் கையிலிருந்து அந்த வியாபாரம் போனது. அவர்களுக்குப் பின் வந்த ஒல்லாந்தர் காடு காடாக ஆளனுப்பிப் பட்டை உரிப்பது போதாதென்று, ஆளுநர் ஃபல்க் காலத்தில் மருதானைப் பக்கம் தோட்டமாகவே நட்டார்கள். இன்று பொரளையிலிருந்து வார்ட் பிளேஸ் வழியாக நடந்து போனால் வருகிற கொழும்பு 7க்குக் கறுவாத்தோட்டம் என்ற பெயர் அப்படித்தான் வந்தது. இப்போது அங்கே கறுவா இல்லை, பெரிய மதில்களும் தூதரகங்களும்தான். கறுவா காலி, மாத்தறைப் பக்கம் விளைகிறது. 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் 'சிலோன் சினமன்' என்ற பெயருக்குப் புவிசார் பாதுகாப்புக் கொடுத்தது, இலங்கைப் பொருள் ஒன்றுக்கு அங்கே கிடைத்த முதல் அங்கீகாரம் அது. இவ்வளவு பெருமையுள்ள ஒரு பட்டை சீனியையும் இறக்கும் என்று யாராவது சொன்னால், நம் மனசு உடனே ஆமாம் என்றுவிடுகிறது.

(இடையில் ஒரு வேடிக்கை. எயார் பிரையரை 2010இல் முதலில் சந்தைக்குக் கொண்டுவந்த பிலிப்ஸ் கம்பனியும் ஒல்லாந்துதான். பட்டையைக் கொண்டுபோனவர்கள் அடுப்பை அனுப்பியிருக்கிறார்கள்.)

மற்றப் பாதிக் காரணம் அந்த மெசின். "எண்ணெய் இல்லை" என்று காதில் விழுந்தவுடன் "சீனி இல்லை" என்று நாமே மொழிபெயர்த்துக்கொள்கிறோம். நடுத்தரமான ஓர் அப்பிளில் ஏறத்தாழ 19 கிராம் சீனி இருக்கிறது, நாலைந்து தேக்கரண்டி. சூட்டில் அது எங்கேயும் போகாது. போவது தண்ணீர்தான். தண்ணீர் போனதும் துண்டுகள் சுருங்கிவிடும், பச்சையாக ஓர் அப்பிளோடு நிறுத்துகிறவர், வெந்தபின் இரண்டைச் சத்தமில்லாமல் முடித்துவிடுவார். எங்கள் வீட்டில் நடந்ததைத்தான் சொல்கிறோம். இதற்கு முன் மூன்று பேரீச்சம்பழம், ஒரு கிளாஸ் சர்பத். கூட்டிப் பாருங்கள்.

அப்படியென்றால் ஏன் செய்முறையை விடவில்லை என்று கேட்பீர்கள்.

இஃப்தார் மேசையில் ரோல்ஸ், கட்லட், பட்டிஸ், சமூசா என்று ஒரே எண்ணெயில் நாலு தரம் பொரித்தவை வரிசையாக இருக்கும்போது, அதில் ஒரு தட்டை இது பிடித்துக்கொண்டால் அது லாபம். அதைவிட முக்கியமான ஒன்று பல்லில்லாத நம் மூத்தம்மாமார். யாருக்காவது சுகமில்லை என்றால் நாம் அப்பிளும் தோடம்பழமும் வாங்கிக்கொண்டு போவோம், அது நம் வழக்கம். சிறுவர் ஆஸ்பத்திரிப் பக்கம் போகும்போதும் கைநிறையப் பழத்தோடுதான் போகிறோம். கொண்டுபோன பழத்துக்கு என்ன நடக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? கட்டில் பக்கத்து அலுமாரியில் இருந்து வாடும். வயதானவர்களால் கடிக்க முடியாது, வெட்டிக் கொடுக்க ஆளில்லை. வெட்டினாலும் பழுப்பு நிறமாகி யாரும் தொடமாட்டார்கள். பாடசாலையிலும் இதே கதை. சாப்பாட்டுப் பெட்டியில் வருகிற அப்பிள் துண்டு கறுத்துவிட்டது என்று இடைவேளையில் குப்பை வாளிக்குப் போகிறது. இந்த விலைக்கு வாங்கிய பழம். ஒரு சொட்டுத் தேசிக்காய்ப் புளி பிரட்டியிருந்தால் கறுத்திருக்காது.

வாடின அப்பிளும், அடிபட்ட அப்பிளும் சூட்டில் நன்றாக வரும். ஆகவே செய்முறையை ஒழுங்காகத் திரும்ப எழுதுகிறோம், போன தரம் விட்டதையும் சேர்த்து.

இரண்டு அப்பிள், நாலு பேருக்கு. தோலைச் சீவாதீர்கள், நார்ச்சத்து நிறைய அதில்தான். அடிபட்ட இடத்தை மட்டும் வெட்டிவிட்டு, விரல் தடிப்பில் துண்டுகளாக்கி, தேசிக்காய்ப் புளி கொஞ்சம் பிரட்டுங்கள். பச்சை அப்பிள் வெந்தாலும் உருவம் குலையாது. கருஞ்சிவப்பு அப்பிள் குழைந்துவிடும், பல்லில்லாதவருக்கு அதுதான் சரி. ஒரு தேக்கரண்டி உருகிய பட்டர் அல்லது நெய், அரைத் தேக்கரண்டி கறுவாத்தூள், ஒரு சிட்டிகை உப்பு. பட்டரைப் பிரட்டிய பிறகுதான் தூளைப் போட வேண்டும். போன தரம் இதைச் சொல்லாமல் விட்டோம். உள்ளே விசிறி அடிக்கிற காற்றில் காய்ந்த தூள் பறந்து மேலே கம்பியில் ஒட்டிக் கருகி, வீடெல்லாம் புகை என்று மூன்று பேர் கோல் எடுத்தார்கள். பேப்பர் போடுகிறவர்கள் வெறும் பேப்பரை வைத்துச் சூடாக்காதீர்கள், அதுவும் பறந்து கம்பியில் பட்டுப் பற்றிக்கொள்ளும். 180 பாகையில் 12 நிமிசம், நடுவில் ஒரு தரம் குலுக்கிவிடுங்கள். சீனி, பாணி எதுவும் வேண்டாம், கறுவாவே இனிப்பு மாதிரி ஒரு வாசத்தைக் கொடுத்துவிடும். பிள்ளைகளுக்கு வேண்டுமென்றால் கித்துள் பாணி அரைக் கரண்டி, அவர்களுடைய தட்டில் மட்டும்.

தூளைக் கடையில் வாங்குவதைவிடப் பட்டையாக வாங்கி வெயிலில் காயவைத்து வீட்டில் அரைப்பது நல்லது. நம் கறுவா மெல்லிய பல அடுக்காகச் சுருட்டுப் போல இருக்கும், கையால் நொறுக்கலாம். கஸியா ஒரே தடித்த பட்டையாகச் சுருண்டிருக்கும், வீட்டு கிரைண்டர் திணறும். முழு நீளக் குச்சி விலை என்றால் உடைந்த துண்டுகளைக் கேளுங்கள், அரைக்கப் போவதற்கு அழகு எதற்கு?

மெசின் இல்லாதவர்களுக்கு ஒன்று. போன தரம் நாங்கள் போட்ட படத்தில் அப்பிளைவிட எயார் பிரையர்தான் பெரிதாகத் தெரிந்தது என்று ஒரு தங்கச்சி சொன்னார். உண்மைதான், தம்பி கட்டாரிலிருந்து அனுப்பிய புதுசில் எடுத்த படம். மூடியுள்ள சட்டி போதும். ஒரு கரண்டித் தண்ணீர், சின்ன நெருப்பு, பத்து நிமிசம், கடைசியில் மூடியைத் திறந்து தண்ணீரை வற்றவிடுங்கள். ருசியில் பெரிய வித்தியாசம் இல்லை. ஓரம் முறுகலாக வராது, அவ்வளவுதான். இதற்காக யாரும் தவணைக்கு மெசின் எடுக்க வேண்டாம். ஏற்கெனவே வைத்திருக்கிறவர்கள் கரண்ட் பில்லுக்குப் பயப்படவும் வேண்டாம். 1500 வோட்ஸ் மெசின் 12 நிமிசத்துக்குக் கூடிப்போனால் 0.3 யூனிட்.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு: அரை அப்பிள், அதுவும் அன்றைய சாப்பாட்டுக் கணக்குக்குள். குளிசை வயிற்றைக் கலக்கினால் கிளினிக்கில் வாய் திறந்து சொல்லுங்கள், சாப்பாட்டோடு எடுக்கச் சொல்வார்கள், இல்லையென்றால் வேறு வகைக்கு மாற்றித் தருவார்கள். நோன்பு வருவதற்கு ஒரு மாதமாவது முன்னால் டொக்டரிடம் போய், எந்தக் குளிசையை ஸஹருக்கு, எதை இஃப்தாருக்கு, எவ்வளவு என்று எழுதி வாங்கி வாருங்கள். நோன்பு பிடிக்கலாமா என்பதையும் அங்கேயே கேளுங்கள். தனியாகப் போகத் தயங்குகிற மாமிமார், மூத்தம்மாமார் சொல்லியனுப்புங்கள். பாடசாலை விட்ட பிறகு, அல்லது லீவு நாளில், எங்கள் வீட்டிலிருந்து ஒருவர் கூட வருவோம்.

மாமி இப்போது குளிசை எடுக்கிறார். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு மெதுவாக நடந்து வருவார். அரை அப்பிள், சீனி போடாத பிளேன்டி. மற்ற அரையை எங்கள் சின்னவன் பார்த்துக்கொண்டே இருப்பான்.

அந்தப் பழைய மெசேஜ் உங்கள் போனில் இன்னும் இருந்தால், யார் யாருக்கு அனுப்பினீர்களோ அவர்களுக்கு இதையும் அனுப்பிவிடுங்கள்.

வஸ்ஸலாம்.