முதற் பரிசோதனை யாருக்கு?

பெங்களூரில் உடன் ஆய்வு செய்யும் நண்பரின் இசைவோடு இதை எழுதுகிறேன். குழந்தை வேண்டிச் சிகிச்சைக்குச் சென்ற மூன்று ஆண்டுகளில் அவருடைய மனைவிக்குப் பலமுறை ஸ்கேன், கருக்குழாய்ப் பரிசோதனை, ஒரு லேப்ராஸ்கோப்பி எல்லாம் நடந்துவிட்டன. நண்பருக்கு முதல் விந்துப் பரிசோதனை நடந்தது சென்ற மாதந்தான். நாங்கள் இருவரும் உயிரியல் கற்றவர்கள் என்பது கூடுதல் வெட்கம்.

குழந்தையின்மையில் ஏறத்தாழப் பாதி இணையரிடம் ஆணின் காரணம், தனித்தோ பெண்ணின் காரணத்தோடு சேர்ந்தோ, உண்டு. விந்தணுக்களின் எண்ணிக்கை, இயக்கம், வடிவம் ஆகியவற்றில் குறைபாடு இருக்கலாம். விந்தணுவே இல்லாமலும் போகலாம். அவ்வின்மையும் இருவகைப்படும்: உற்பத்தி இருந்தும் வழி அடைபட்டது, உற்பத்தியே குன்றியது. விரைப்பைச் சிரைகள் புடைக்கும் வேரிகோசில், பருவமடைந்தபின் வந்த பொன்னுக்குவீங்கி, கிளைன்ஃபெல்டர் நிலை, ஒய் குரோமோசோமின் நுண் இழப்புகள் எனக் காரணங்கள் பல. உடற்பயிற்சிக்கூடங்களில் சிலர் போட்டுக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரோன் ஊசியும் பிட்யூட்டரியின் தூண்டலை அடக்கி விந்தணு உற்பத்தியைக் குறைத்துவிடும். இவற்றுட் சில சரிசெய்யத்தக்கவை.

ஆயினும் ஆண்கள் ஏன் தயங்குகிறார்கள்? நம் சொல்லே ஒரு தடை என்பது என் கருத்து. ‘ஆண்மைக் குறைவு’ என்ற தொடர் பாலுறவு இயலாமையையும் விந்தணுக் குறைபாட்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. இவை வெவ்வேறானவை, விந்தணுவே இல்லாத ஒருவருக்கு இல்லற வாழ்வில் எக்குறையும் தெரியாதிருக்கலாம். பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (2010) குழந்தையற்ற இணையரின் கதை. அதற்கு எதிர்ப்பு எழுந்தபோது கருத்துரிமையை விவாதித்தோம், அது தேவையே. குழந்தையின்மையின் பழி எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பதைப் போதிய அளவு விவாதித்தோமா?

1992இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் அறிவித்த இக்சி முறையில் ஒரு முட்டைக்கு ஒரு விந்தணு போதும். அது பெரும் பேறு. ஆனால் ஆணின் காரணத்தைத் தேடாமலேயே சிகிச்சைக்குச் செல்ல அது வழிவிட்டது. குறை ஆணிடம் இருப்பினும் ஹார்மோன் ஊசியும் முட்டை சேகரிப்பும் பெண்ணுக்கே. காரணம் ஒய் குரோமோசோமின் இழப்பாயின், அது பிறக்கும் மகனுக்கும் சென்று சேரும். அதைப் பெற்றோர் முன்னரே அறிய வேண்டாமா?

முதல் வருகையிலேயே இருவரையும் சோதிப்பது வழக்கமாக வேண்டும். நண்பருக்கு இருப்பது வேரிகோசில். விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும் என்பதால், சிகிச்சைக்குப்பின் பயன் தெரியச் சில மாதங்கள் காத்திருக்க வேண்டும். அக்காத்திருப்பு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியிருக்கலாம்.